அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்). 46 வயதில் என் தட்டில் எதை மாற்ற வேண்டும்?

தாரிணி_நங்கநல்லூர் | சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. புரட்டாசி சனிக்கிழமை என்றால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அம்மா கைப் புளியோதரைதான் போகும். எதையும் அளந்து போட்டதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, புளி கொதித்துக்கொண்டிருக்கிறது, அம்மா கையில் பெருங்காய டப்பாவோடு அடுப்பு முன்னால் அப்படியே நிற்கிறார். "அடுத்தது என்னடி?" என்று என்னைக் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் ஜனவரியில்தான் டாக்டர் உறுதியாகச் சொன்னார். அல்சைமரும், மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டுப்போனதும் சேர்ந்த கலப்பு வகை டிமென்ஷியா. அம்மாவுக்கு 49 வயதிலிருந்து சர்க்கரை. பி.பி. அதற்கும் முன்னால்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்த அத்தை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "ஊறுகாயும் வடாமும் எண்ணெய்ப் பண்டமுமாகச் சாப்பிட்டதுதான் இப்போது மூளையில் வந்து நிற்கிறது." அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்கு ஊறுகாய், அப்பளம், இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

இப்போது என் கதை. எனக்கு 46. அலுவலக முகாமில் பி.பி. பார்த்தார்கள், 142/90. இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் முப்பது வருடத்தில் என்னை யார் இப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற நினைப்பு வருகிறது.

வாட்ஸப்பில் தினம் ஒன்று வருகிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன், வல்லாரைப் பொடி, ஊறவைத்த வால்நட், அரிசியை விட்டுவிட்டு முழுக்கச் சிறுதானியம். இன்னொரு பக்கம், எட்டாயிரம் பேரை 25 வருடம் கவனித்த ஒரு ஆராய்ச்சி, நடுவயதில் சாப்பிட்டதற்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பே தெரியவில்லை என்று சொன்னதாகப் படித்தேன். அப்படியானால் சாப்பாடு முக்கியமா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாட்டிவைத்தியம்_மயிலை | சனி, இரவு 10.25

தாரிணி, மனதைத் தளர விடாதீர்கள். எங்கள் பாட்டி 91 வயது வரை பேரன் பேத்தி நட்சத்திரம் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல், தினமும் மஞ்சள் மிளகு போட்ட பால், சமையலுக்குத் தேங்காய் எண்ணெய். நம் முன்னோர் காரணம் இல்லாமல் எதையும் வைக்கவில்லை. ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரர் சாப்பாட்டை வைத்துச் செய்தது, அது நமக்கு எப்படிப் பொருந்தும்? வல்லாரையை இன்றே ஆரம்பியுங்கள். நல்லது நடக்கும்.

---

கணக்குவாத்தியார்_தாம்பரம் | ஞாயிறு, காலை 6.40

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தாரிணி குறிப்பிட்ட ஆராய்ச்சியை முழுவதும் படித்திருக்கிறேன். என் மனைவியின் அக்காவுக்கு இதே நோய், அதனால் தேடிப் படித்தேன்.

லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவின் பெயர் ஒயிட்ஹால். அங்கே வேலை பார்த்த அரசு ஊழியர்களை 1985-லிருந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 8,225 பேரிடம் 1991-93, 1997-99, 2002-04 என்று மூன்று முறை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சராசரி வயது 50. காய், பழம், முழுதானியம், பருப்பு வகை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, பிறகு ஏறக்குறைய 25 வருடம் யாருக்கு டிமென்ஷியா வருகிறது என்று பார்த்தார்கள். 344 பேருக்கு வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் குறைவாக வாங்கியவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2019-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அதற்கு முன் வந்த பல ஆராய்ச்சிகள் 65, 70 வயதுக்காரர்களைச் சில வருடம் மட்டும் பார்த்தவை. அவற்றில் நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவு என்று வந்தது. ஆனால் அல்சைமர் மாற்றங்கள் மூளையில் தொடங்குவது மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடத்துக்கு முன்னால். அந்த இடைப்பட்ட காலத்திலேயே பசி குறையும், எடை இறங்கும், காய் நறுக்கிச் சமைக்கும் ஊக்கம் போகும். அதாவது சாப்பாடு கெட்டதால் நோய் வந்ததா, நோய் உள்ளே வேலை செய்ததால் சாப்பாடு கெட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பெருங்காய டப்பாவோடு நின்ற உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் அவர் சாப்பாடு மாறியிருந்தால் அது காரணமா, விளைவா?

இந்த ஆராய்ச்சிக்கும் குறைகள் உண்டு. அவரவர் ஞாபகத்திலிருந்து சொன்ன சாப்பாடு. அலுவலக வேலை பார்த்தவர்கள், மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள். எல்லா உணவையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்கியது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். இதே ஒயிட்ஹால் ஆட்களிடம் வேறு இரண்டு விஷயமும் பார்த்தார்கள். 50 வயதில் மேல் ரத்த அழுத்தம் 130-ஐத் தொட்டவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா அதிகம். 60, 70 வயதில் அளந்த அழுத்தத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை, 50-ல் தெரிந்தது. சர்க்கரை நோய் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு அபாயம், ஒவ்வொரு ஐந்து வருடம் முந்தும்போதும் ஏறக்குறைய 24 சதவீதம் கூடுகிறது.

ஆக, "நல்ல சாப்பாடு" என்று பொதுவாக மதிப்பெண் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. பி.பி., சர்க்கரை என்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் 46 வயதுக்கு நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். "மூளைக்கு எது நல்லது" என்று தேட வேண்டாம். அந்த 142-ஐ எப்படி இறக்குவது என்று தேடுங்கள்.

மயிலை நண்பருக்கு: வெள்ளைக்காரர் சாப்பாடு வேறு என்பது சரியான கேள்வி. ரத்தக்குழாய் வேறு இல்லை.

---

தட்டு_ராயப்பேட்டை | ஞாயிறு, காலை 11.15

நான் உணவியல் ஆலோசகர், பதினெட்டு வருடமாக இதே வேலை. வாத்தியார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14. அதில் "உணவு" என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், நடுவயதில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு என்று நான்கு இருக்கிறது. நான்குக்கும் வழி நம் சமையலறை வழியாகத்தான் போகிறது.

இப்போது சென்னையின் தட்டைப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை சாதம், சாயங்காலம் பஜ்ஜியோ பிஸ்கட்டோ, ராத்திரி மூன்று தோசை. ஒரு நாள் முழுக்க அரிசிதான், பாதிக்கு மேல் தீட்டிய வெள்ளை அரிசி. இந்தியர்கள் சராசரியாகத் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொல்கிறது. நம் சென்னையிலிருக்கும் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழு நடத்தியது. அதே ஆய்வின் 2023 கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

அரிசியை விடச் சொல்லவில்லை. மூன்று முறை போட்டுக்கொள்ளும் சாதத்தை ஒரு முறையாக்குங்கள். பொரியலைச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதை மாற்றி, முதலில் ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதத்துக்கு வாருங்கள். சாயங்காலம் சுண்டல். நவராத்திரிக்கு ஒன்பது நாள் விதவிதமாகச் செய்கிறோம், மற்ற நாளில் அந்தக் கடலையும் பயறும் எங்கே போகிறது என்று எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

சிறுதானியம் பற்றி: நல்லது, நார்ச்சத்து அதிகம். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். சாமை சாதம் இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் இன்னும் வேகமாக ஏறும்.

உப்புதான் உங்களுக்கு முதல் வேலை, தாரிணி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, ஒரு டீஸ்பூன். இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில், ரசத்தில், பொரியலில், மோரில், மேலே அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். மதியத்துக்குள்ளேயே அந்த டீஸ்பூன் தாண்டிவிடும். நான் சொல்லும் வழி: மாதம் வாங்கும் உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதி வையுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஐம்பது நாளுக்குள் தீர்ந்தால் அதிகம். இந்துப்பு என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம்தான், சாதாரணமாக அதில் அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி பிரச்சினை இருப்பவர்களும் சில பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் செறிவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றும். தாளிக்க ஒரு ஸ்பூன் வேறு, மருந்தாக நினைத்து தினமும் விழுங்குவது வேறு. வால்நட்டுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் வருந்தவே வேண்டாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, உப்புப் போடாமல் வறுத்தது, நல்ல கொழுப்பும் புரதமும் தரும்.

---

கடலம்மா_காசிமேடு | ஞாயிறு, மதியம் 2.05

தாரிணி அக்கா, உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன். எங்கள் அப்பாவுக்கும் இதுதான்.

எல்லோரும் மீன் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில்கூட மீன் இல்லாத வாரம் இருந்ததில்லை, கருவாடாவது இருக்கும். மத்தி, கானாங்கத்தை, நெத்திலி, எல்லாம் எண்ணெய்ச் சத்துள்ள மீன். அப்பா அறுபது வருடம் சாப்பிட்டார். ஆனாலும் 63 வயதில் ஒரு நாள் காலையில் வலையைக் கையில் எடுத்தவருக்கு எந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. முதல் தடவை வாய் கொஞ்சம் கோணியது, இரண்டு நாளில் சரியானது. ஆறு மாதம் கழித்து நடை தடுமாறியது. அப்புறம் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறங்கினார், பழைய படிக்கு ஏறவே இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், சின்னச் சின்ன பக்கவாதம் என்றார். பி.பி. 190. எத்தனை வருடமாக இருந்ததோ. அப்பா ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. பீடியும் விடவில்லை.

இப்போது வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காதான் எனக்கும் அம்மாவுக்கும் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அப்பா காலத்தில் அது வந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது: மீன் காப்பாற்றாதா? என் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்ப்பது?

---

இரவுப்பணி_ஓஎம்ஆர் | ஞாயிறு, இரவு 11.30

எனக்கு 41. ராத்திரி ஷிப்ட், ஏழு வருடமாக. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இங்கே சொல்வது எல்லாம் வீட்டில் ஒருவர் நின்று சமைத்தால் நடக்கும். சுண்டலுக்கு முதல் நாள் ராத்திரி கடலை ஊறப்போட வேண்டும், அந்த நேரத்தில் நான் சிறுசேரியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதிகாலை 2 மணிக்குக் கிடைப்பது பரோட்டா, சால்னா, முட்டை நூடுல்ஸ், குளிர்பானம். காலை 8 மணிக்குப் படுத்தால் வெயிலில் ஐந்து மணி நேரம்கூடத் தூக்கம் வருவதில்லை.

போன வருடம் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. பெரியப்பா கடைசி மூன்று வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து போனார். பயமாக இருக்கிறது. எனக்கு எது முடியும் என்று யாராவது சொல்லுங்கள்.

---

தட்டு_ராயப்பேட்டை | திங்கள், காலை 7.20

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். நாங்கள் எழுதிக் கொடுக்கும் உணவுப் பட்டியல் பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண் நின்று சமைப்பாள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது. அது அந்தப் பெண்ணுக்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம்.

உங்களுக்கு நான் மூன்றே மூன்று சொல்கிறேன். குளிர்பானத்தை முழுவதும் நிறுத்துங்கள், இன்றே. ஷிப்டுக்குப் போகும் முன் சாயங்காலம் 7 மணிக்குப் பெரிய வேளைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், மெஸ்ஸில் சாப்பிட்டாலும் சரி, கூட்டும் பொரியலும் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள், சாதத்தை இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்லுங்கள். 2 மணிப் பசிக்கு அறையிலிருந்தே இரண்டு அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை, ஒரு கொய்யா. முட்டை அவிக்க பத்து நிமிடம் போதும், கடலை ஊறப்போட வேண்டியதில்லை. பரோட்டாவை வாரம் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வாத்தியார் சொன்ன அதே ஒயிட்ஹால் ஆட்களில், 50, 60, 70 வயதில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா சுமார் 30 சதவீதம் அதிகம் வந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். பகல் ஷிப்ட் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

---

அடுப்படி_மாம்பலம் | திங்கள், மாலை 4.45

எனக்கு 69 வயது. கேட்டரிங் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். என் வீட்டுக்காரருக்கு ஐந்து வருடமாக இந்த நோய். தாரிணி எழுதிய அத்தையைப் போல எங்கள் வீட்டிலும் உண்டு. "நாற்பது வருடம் நீ போட்ட சாப்பாடுதானே" என்று நாத்தனார் கேட்டார். அன்றிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த வார்த்தை கேட்கிறது.

நான் நெய் விட்டேன்தான். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டேன்தான். அவருக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை நன்றாக முறுகலாக எண்ணெயில் செய்தேன்தான். அதனால்தான் இப்படி ஆகிவிட்டாரா? இங்கே டாக்டர் யாராவது இருந்தால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

---

நரம்பியல்_ஓய்வு | திங்கள், இரவு 8.30

அம்மா, இல்லை.

முப்பத்தைந்து வருடம் நரம்பியல் மருத்துவராக இருந்தவன் சொல்கிறேன், ஒரு மனிதருக்கு வந்த டிமென்ஷியாவை அவர் வீட்டு அடுப்பின் மேல் போட எந்த மருத்துவராலும் முடியாது. லான்செட் ஆணையத்தின் 14 காரணங்களையும் முழுவதுமாக ஒழித்துவிட்டாலும் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது உலகம் முழுவதுமாகச் சேர்த்து ஏறக்குறைய 45 சதவீதம். அதற்குள் காது கேளாமை, படிப்பு கிடைக்காமை, தலைக் காயம், தனிமை, காற்று மாசு எல்லாம் அடக்கம். மீதிப் பாதிக்கு மேல் வயது, மரபணு, இன்னும் பிடிபடாதவை. அது மக்கள்தொகைக்கான கணக்கு. ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து "இவளால்தான்" என்று சொல்வதற்கான கணக்கு அல்ல. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் நெய் விடாத வீட்டுக்காரர்களும் நிறைய. உங்கள் நாத்தனாரிடம் இதைக் காட்டுங்கள்.

காசிமேடு மகளுக்கு: மீன் நல்ல உணவு. வாரம் இரண்டு முறை குழம்பாக வைத்துச் சாப்பிடுவது நல்லது, கருவாட்டில் உப்பு மிக அதிகம். ஆனால் 190 அழுத்தத்தை மீனால் ஈடு கட்ட முடியாது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது ரத்தக்குழாய் வகை, படிப்படியாக இறங்குவது அதன் இயல்பு. பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லி வளருங்கள்: பீடி சிகரெட் வேண்டாம், 30 வயதிலிருந்து வருடம் ஒரு முறை பி.பி. பார்.

தனி உணவு, பொடி, மாத்திரை பற்றி. மூளைக்கென்றே வடிவமைத்த மைண்ட் என்ற உணவு முறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள், முடிவு 2023-ல் வந்தது. ஒப்பிட வைத்திருந்த குழுவைவிட நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. பின்லாந்தில் 1,260 பேரிடம் செய்த ஃபிங்கர் சோதனையில் உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்தார்கள். இரண்டு வருடத்தில் சிந்தனைத் திறனில் நன்மை தெரிந்தது. அது டிமென்ஷியாவைத் தடுத்த சோதனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான்கும் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. வைட்டமின் பி, ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகளை டிமென்ஷியா தடுப்புக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. வல்லாரை நல்ல கீரை, துவையலாகத் தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி பி.பி. மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மஞ்சளும் அப்படியே, ரசத்தில் இருக்கட்டும்.

ஒரே ஒரு சத்து விஷயத்தில் மட்டும் கவனம் தேவை, அது பி12. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், வருடக் கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது குறையும். குறைந்தால் மறதி, கால் மரத்துப்போதல், நடைத் தடுமாற்றம் வரும். டிமென்ஷியா இருப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். தாரிணி, அம்மாவுக்குப் பி12-உம் தைராய்டும் பார்த்தார்களா? 25 வருடம் சர்க்கரை என்கிறீர்களே.

---

தாரிணி_நங்கநல்லூர் | திங்கள், இரவு 10.10

டாக்டர், மிக்க நன்றி. முதலில் பார்த்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள், பி12 பார்க்கவில்லை. நாளைக்கே எடுக்கிறேன். மெட்ஃபார்மின் இருபது வருடத்துக்கு மேல் எடுக்கிறார், சைவம்தான்.

இன்னொன்று. ஊறுகாயும் இனிப்பும் நிறுத்தியதிலிருந்து அம்மா சரியாகவே சாப்பிடுவதில்லை. உப்புக் குறைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார். ஜனவரியில் 58 கிலோ, நேற்று 53. பி.பி.க்கு நல்லதுதானே என்று இருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

---

நரம்பியல்_ஓய்வு | திங்கள், இரவு 10.40

தாரிணி, இதைப் பகலில் கேட்டிருந்தால் போனில் கூப்பிட்டே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கான சாப்பாடும் அம்மாவுக்கான சாப்பாடும் ஒன்றல்ல. 46 வயதில் உப்பைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, இனிப்பை விடுவது எல்லாம் இருபது முப்பது வருடத்துக்கான சேமிப்பு. 74 வயதில் நோய் வந்தபிறகு அம்மாவுக்கு ஆபத்து வேறு பக்கம். எடை இறங்கினால் தசை போகும், விழுவார், தொற்று வரும், படுத்துவிடுவார். இந்த நோயில் நாக்கின் ருசியும் வாசனையும் மங்கும், அதனால்தான் புளிப்பும் இனிப்பும் காரமும் தூக்கலாகக் கேட்பார்கள். அதை அடம் என்று நினைத்துவிடக்கூடாது.

ஐந்து கிலோ என்பது அதிகம். அவருடைய டாக்டரிடம் உடனே எடையைச் சொல்லுங்கள். எடை இறங்கும்போது பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அது மூளைக்கு இன்னும் கெடுதல். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். பல், விழுங்குவதில் சிரமம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டில் அவருக்குப் பிடித்தது வரட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தம், வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாதம் வைத்தால் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, நிறமுள்ள தட்டில் வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், பார்த்துச் செய்வார்.

பராமரிப்புக்குத் துணை வேண்டும் என்றால் அண்ணா நகர் பக்கம் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பில் டிமென்ஷியா குடும்பங்களுக்கு உதவுகிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது. தனியாகச் சுமக்க வேண்டாம்.

---

அடுப்படி_மாம்பலம் | செவ்வாய், காலை 5.50

டாக்டர் ஐயா, "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லை ராத்திரி நாலைந்து முறை படித்தேன். நன்றி.

தாரிணி, எடை ஏற எங்கள் வீட்டில் செய்வது: பாசிப்பருப்புப் பாயசம், வெல்லம் குறைவாக, பால் கெட்டியாக. இவர் சாதம் வேண்டாம் என்ற நாளிலும் டம்ளரில் கொடுத்தால் குடித்துவிடுவார். பருப்பை நன்றாகக் குழைய வையுங்கள், தொண்டையில் நிற்காது.

---

தாரிணி_நங்கநல்லூர் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.15

கேட்டவர்கள் எல்லோருக்கும் விவரம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பி12 மிகக் குறைவு. ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். ஞாபகம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் கால் மரத்துப்போவது குறையலாம் என்றார் டாக்டர். சர்க்கரை மாத்திரையில் ஒன்றைக் குறைத்துவிட்டார். மாம்பலம் அம்மா சொன்ன பாயசம் தினமும் சாயங்காலம் போகிறது. எடை 54.

எனக்கு ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பி.பி. பார்த்தேன், சராசரி 138/88. எல்டிஎல் 151. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.9, எல்லையைத் தாண்டிவிட்டதாம். மூன்று மாதம் உப்பு, சாதம், நடை மூன்றையும் பார்த்துவிட்டு மாத்திரை பற்றி முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதிவிட்டேன். பழைய கணக்குப்படி எங்கள் வீட்டில் ஒரு கிலோ 19 நாள்தான் வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு சமையல். அம்மாவுக்கு மட்டும் சாம்பாரைத் தனியாக எடுத்து உப்பும் புளியும் கூட்டி ஒரு கொதி. மேலே நெய். இன்று மதியம் நீலத் தட்டில் தயிர்சாதமும் ஒரே ஒரு மாவடுவும் வைத்தேன். அம்மா மாவடுவை எடுத்து முகர்ந்து பார்த்தார். "விளக்கெண்ணெய் தடவவில்லையே, சுருக்கம் விழவில்லை பார்" என்றார்.

அது உண்மைதான், இந்த வருடம் நான் தடவ மறந்துவிட்டேன். முழுத் தட்டையும் சாப்பிட்டார்.